பழுதுபார்த்த பின் சி.என்.சி இயந்திரத்தின் ரெஃபரன்ஸ் நிலையை மீட்பது எப்படி?

பால் ஸ்க்ரூவையோ (மோட்டாரின் சுழற்சியை டேபிளின் நேர்கோட்டு நகர்வாக மாற்றும் திருகு) அதன் பேரிங்கையோ மாற்றி, கவர்களை எல்லாம் பூட்டி, பவரைப் போட்டு ஹோம் எடுத்ததும் (அதாவது எல்லா அளவுகளும் எண்ணப்படும் தொடக்கப் புள்ளியான ரெஃபரன்ஸ் நிலைக்கு அச்சுகளை அனுப்பியதும்) திரையில் எல்லா அச்சுகளும் பூஜ்ஜியத்தைக் காட்டினால் வேலை முடிந்தது என்றே புதிதாகப் பராமரிப்புப் பணிக்கு வருபவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பூஜ்ஜியம் கன்ட்ரோலர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் எண் மட்டுமே. டேபிள் இருக்கும் இடம் பழுதுக்கு முன் இருந்த அதே இடமா, இல்லை 3 மில்லிமீட்டர் தள்ளிய இடமா என்பதைத் திரை ஒருபோதும் சொல்லாது. நம்முடைய வேலை புதிதாக ஒரு பூஜ்ஜியத்தை உண்டாக்குவது அல்ல, பழைய பூஜ்ஜியம் இருந்த இடத்துக்கே அச்சைத் திரும்பக் கொண்டுவருவது. அந்தப் பழைய இடத்துக்கான சாட்சியைப் பிரிப்பதற்கு முன்பே எடுத்து வைத்திருந்தால் மீட்பது அரை மணி நேர வேலை. எடுக்காமல் விட்டால் அரை நாளும் ஆகலாம்.

இவ்வளவு அக்கறை ஏன் என்றால், ரெஃபரன்ஸ் நிலையை நம்பி இருப்பவை பல. ஜி54 முதல் ஜி59 வரையுள்ள ஒர்க் ஆஃப்செட்டுகள் (வேலைப்பொருளின் பூஜ்ஜியம் எங்கே என்று சொல்லும் எண்கள்), அச்சு ஓடக்கூடிய எல்லையை வகுக்கும் சாஃப்ட் லிமிட்டுகள், டூல் மாற்றும் உயரம், பேலட் மாற்றும் இடம், டூல் செட்டரின் ஆயங்கள், பால் ஸ்க்ரூவின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு டேபிள் நகரும் தூரம்) பிழைகளைத் திருத்தும் அட்டவணை ஆகிய எல்லாமே அந்த ஒரு புள்ளியிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. புள்ளி நகர்ந்தால் இவை அத்தனையும் சேர்ந்தே நகரும். ஆஃப்செட்டை மாற்றி வேலைப்பொருளின் அளவைச் சரிக்கட்டிவிடலாம். டூல் மாற்றும் கை தவறான உயரத்தில் டூல் ஹோல்டரைப் பற்றினால் வரும் சேதத்தை அப்படிச் சரிக்கட்ட முடியாது.

எந்தப் பழுது எதைக் கலைக்கும்?

அச்சின் இடத்தைக் கன்ட்ரோலருக்குச் சொல்வது பெரும்பாலான இயந்திரங்களில் சர்வோ மோட்டாரின் பின்புறமுள்ள என்கோடர். மோட்டாரின் ஒரு சுற்றுக்கு ஒரு முறை அது ஒரு குறியீட்டுப் பல்ஸைத் தருகிறது. ஆகவே மோட்டாருக்கும் ஸ்க்ரூவுக்கும், ஸ்க்ரூவுக்கும் டேபிளுக்கும் இடையிலுள்ள கோண உறவு எங்கே அவிழ்கிறதோ அங்கே ரெஃபரன்ஸும் அவிழ்கிறது. மோட்டார் ஸ்க்ரூவுடன் நேரடியாக இணைந்த, 10 மி.மீ பிட்ச் உள்ள ஓர் அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கப்ளிங்கை (மோட்டாரையும் ஸ்க்ரூவையும் பிணைக்கும் இணைப்பை) கழற்றி 36 டிகிரி மாற்றிப் பூட்டினால் அச்சு 1 மி.மீ தள்ளி நிற்கும். ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் 40 பல் புல்லியும் டைமிங் பெல்ட்டும் உள்ள இயந்திரத்தில் பெல்ட் ஒரு பல் தாண்டி உட்கார்ந்தால் 0.25 மி.மீ பிழை வரும். நட்டைக் கழற்றி மாட்டினால், ஸ்க்ரூவின் முன்முனைப் பேரிங்கை மாற்றினால், மோட்டாரையோ என்கோடரையோ மாற்றினால் எல்லாம் இதே கதைதான். டெலஸ்கோபிக் கவர், வைப்பர், எண்ணெய்க் குழாய் போன்றவற்றில் செய்யும் வேலை ரெஃபரன்ஸைத் தொடாது. ஆனால் கவரைக் கழற்றும்போது ஹோம் எடுக்கும்போது ஸ்விட்சை அழுத்தும் டாக் எனப்படும் சிறு கட்டையையோ லிமிட் ஸ்விட்சையோ இடித்துவிட்டால் அதுவும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும்.

நேர்கோட்டு ஸ்கேல் பொருத்திய இயந்திரங்களில் நிலைமை கொஞ்சம் எளிது. ஸ்கேலையும் அதன் ரீடிங் ஹெட்டையும் தொடாத வரையில் ஸ்க்ரூவை மாற்றினாலும் குறிப்புக் கோடு இருந்த இடத்தில்தான் இருக்கும். அங்கேயும் டாக்கை நம்பிக் கோட்டைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு இருந்தால் சோதிக்காமல் விட வேண்டாம்.

பிரிப்பதற்கு முன் எடுக்க வேண்டிய சாட்சிகள்

முதலாவது, பாராமீட்டர்கள், பிட்ச் பிழைத் திருத்த அட்டவணை, ஒர்க் ஆஃப்செட்டுகள், டூல் ஆஃப்செட்டுகள் அனைத்தையும் மெமரி கார்டிலோ யு.எஸ்.பி.யிலோ எடுத்து வைத்துவிடுங்கள். ரெஃபரன்ஸ் தொடர்பான சில எண்களைத் தாளிலும் எழுதுங்கள். ஃபேனக் கன்ட்ரோலர்களில் 1240, 1320, 1321, 1815, 1821, 1850 ஆகிய பாராமீட்டர்களும், டாக் உள்ள அச்சானால் 302ஆம் டயக்னாஸிஸ் எண்ணும் அவசியம் வேண்டும். கோப்பு கெட்டுப்போனாலும் தாள் இருக்கும்.

இரண்டாவது சாட்சி டயல் கேஜ். அச்சை ஹோமுக்குக் கொண்டுவந்து, இயந்திரத்தின் அசையாத வார்ப்புப் பகுதியில் மேக்னெட் ஸ்டாண்டை வைத்து, நகரும் பகுதியின் இயந்திரமிட்ட (சீவிச் சமமாக்கிய) ஒரு முகத்தில் டயலின் முனையை ஒரு சுற்று அழுந்தும்படி தொடவிட்டு, காட்டும் அளவைக் குறியுங்கள். ஸ்டாண்டை வேலை முடியும் வரை அங்கேயே விட்டுவைக்க முடியாது என்பதுதான் நடைமுறைச் சிக்கல்; யாராவது இடிப்பார்கள். அதனால் இரண்டு இயந்திரமிட்ட முகங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை ஸ்லிப் கேஜ் (துல்லியத் தடிமன் கட்டைகள்) அடுக்காலோ உள்விட்ட மைக்ரோமீட்டராலோ அளந்து எழுதுவது இன்னும் உறுதியானது. அளந்த இடங்களைப் பெயின்ட் பேனாவால் வட்டமிட்டு, ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சில உற்பத்தியாளர்கள் சாடிலிலும் (நகரும் பகுதி) பெட்டிலும் (அசையாத அடிப்பகுதி) நேர்க்கோடு வரைந்த சிறு தகடுகளை ஒட்டி அனுப்புகிறார்கள். கண்ணால் பார்த்துக் கோட்டோடு கோட்டைச் சேர்த்தால் அரை மில்லிமீட்டர் வரை துல்லியம் கிடைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் அந்தக் கோட்டை மட்டமாக எண்ண வேண்டாம். மோட்டாரின் எந்தச் சுற்றில் நிற்கிறோம் என்பதைக் கோடு சொல்லும். அந்தச் சுற்றுக்குள் எந்த மைக்ரானில் நிற்கிறோம் என்பதை டயல் சொல்லும். இரண்டும் இருந்தால்தான் சாட்சி முழுமையாகும்.

அளக்கும் நேரத்தின் வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 11 முதல் 12 மைக்ரான் வரை நீளும். நாள் முழுக்க ஓடிச் சூடான ஸ்க்ரூவை வைத்து முன்னளவு எடுத்துவிட்டு, இரண்டு நாள் பிரிந்து கிடந்து ஆறிப்போன இயந்திரத்தில் பின்னளவு எடுத்தால் சில பத்து மைக்ரான் வித்தியாசம் தானாகவே வந்து நிற்கும். இரண்டு அளவையும் இயந்திரம் ஆறிய நிலையில் எடுப்பதே நல்லது.

செங்குத்து அச்சில் ஒரு எச்சரிக்கை. இசட் அச்சின் மோட்டாரைக் கழற்றினால் ஸ்பிண்டில் தலையைத் தாங்கிக்கொண்டிருந்த பிரேக்கும் அதோடு போய்விடும். தலைக்குக் கீழே உறுதியான மரக்கட்டையோ முட்டோ கொடுத்து, அதன் எடை முழுவதும் முட்டில் இறங்கிய பிறகே மோட்டார் போல்ட்டைத் தொட வேண்டும். மெயின் ஸ்விட்சைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெஃபரன்ஸ் வைப்பது கடைசி வேலை

அவசரப்பட்டு ரெஃபரன்ஸை முதலில் வைத்துவிட்டு, பிறகு கப்ளிங் போல்ட்டை ஒரு முறை இறுக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த இறுக்கலில் மோட்டார் தண்டு துளி நழுவினாலும் செய்தது வீண். ஆகவே இயந்திரவியல் வேலை முழுக்க முடிந்ததை முதலில் உறுதிசெய்யுங்கள். பேரிங்கின் லாக் நட் குறித்த டார்க்கில் இறுகியிருக்க வேண்டும்; கப்ளிங்கின் திருகுகள் எதிரெதிராகப் படிப்படியாக டார்க் ரென்ச்சால் முடுக்கப்பட்டிருக்க வேண்டும்; தண்டின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. லெவலும் செங்கோணமும் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். மசகெண்ணெய் வழித்தடங்களில் வந்து சேர்ந்த பின், அச்சை மெதுவாக இரு பக்கமும் பலமுறை ஓட்டிப் பழக்கிவிட்டு, பேக்லாஷை (திசை மாறும்போது வரும் வெற்று ஆட்டத்தை) டயலால் அளந்து பாருங்கள். ஸ்க்ரூ புதிது என்றால் பேக்லாஷ் பாராமீட்டரில் இருக்கும் பழைய எண் இனிப் பொருந்தாது.

இன்னொன்று: ரெஃபரன்ஸ் உறுதியாகாத அச்சுக்குச் சாஃப்ட் லிமிட் காவல் இல்லை. ஹேண்டில் வீலால் மட்டும், ராப்பிட் ஓவர்ரைடை (வேக நகர்வைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) கீழே வைத்துக்கொண்டு நகர்த்துங்கள். ஹார்டுவேர் லிமிட் ஸ்விட்சைக் கையால் அழுத்திப் பார்த்து அலாரம் வருகிறதா என்று முதலிலேயே சோதித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

டாக் உள்ள அச்சு

உங்கள் இயந்திரம் தினமும் காலையில் ஹோம் எடுக்கச் சொல்கிறது என்றால் அது இந்த வகை. அச்சு வேகமாக ஹோம் பக்கம் ஓடும். டாக் ஸ்விட்சை அழுத்தியதும் வேகம் குறையும். ஸ்விட்ச் டாக்கைத் தாண்டி விடுபட்டதும், அடுத்து வரும் கிரிட் புள்ளியில் அச்சு நிற்கும். கிரிட் புள்ளி என்பது என்கோடரின் ஒரு சுற்றுப் பல்ஸிலிருந்து கணக்கிடப்படுவது. ஆக, எந்தச் சுற்று என்பதை டாக்கும், அந்தச் சுற்றில் எந்தப் புள்ளி என்பதை என்கோடரும் முடிவு செய்கின்றன. இந்த இரட்டைப் பொறுப்பைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் கணக்குதான்.

முதலில் ஹோம் எடுங்கள். டயலையோ ஸ்லிப் கேஜ் அடுக்கையோ பழைய இடத்தில் வைத்து, அச்சு பழைய நிலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். வித்தியாசம் டயலின் ஓட்டத்துக்கு மேல் இருந்தால் ரிலேட்டிவ் திரையைப் பூஜ்ஜியமாக்கி, டயல் பழைய அளவைக் காட்டும் வரை ஹேண்டிலால் நகர்த்துங்கள். திரையில் இப்போது தெரியும் எண்தான் பிழை. ஒரே திசையிலிருந்து அணுகுவது முக்கியம். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி வாருங்கள், இல்லாவிட்டால் பேக்லாஷ் உங்கள் அளவில் கலந்துவிடும்.

பிழை மைனஸ் 12.370 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம், பிட்ச் 10 மி.மீ. இதில் 10 மி.மீ என்பது ஒரு முழுச் சுற்று. அதை டாக்கை நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். மீதி 2.370, கிரிட் புள்ளியைத் தள்ளிவைக்கும் கிரிட் ஷிஃப்ட்டின் பங்கு. ஃபேனக்கில் அது 1850ஆம் பாராமீட்டர். கண்டறியும் அலகு (கன்ட்ரோலர் எண்ணும் மிகச் சிறிய நகர்வு) ஒரு மைக்ரான் என்றால் 2370 அளவுக்கு மாற்ற வேண்டும். அந்தப் பாராமீட்டரில் ஏற்கெனவே 850 இருந்தால் புதிய மதிப்பு 850இலிருந்து 2370ஐக் கழித்த மைனஸ் 1520. புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இதுதான்: பழைய எண்ணை அழித்துவிட்டு வித்தியாசத்தை மட்டும் தட்டிவிடுவார்கள், பிறகு இயந்திரம் ஏன் புதிதாக 0.85 தள்ளி நிற்கிறது என்று தேடுவார்கள்.

குறியும் அலகும் குழப்பினால் ஊகிக்காதீர்கள். இருக்கும் மதிப்போடு 100 சேர்த்து, பவரை அணைத்துப் போட்டு, ஹோம் எடுத்து டயலைப் பாருங்கள். 0.1 மி.மீ எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதிலிருந்து குறி தெரியும், 0.1க்குப் பதில் 0.01 நகர்ந்தால் அந்த அச்சின் அலகு பத்தில் ஒரு மைக்ரான் என்று பொருள். லேத்தின் எக்ஸ் அச்சில் திரை விட்டத்தைக் காட்டும், டயலோ ஆரத்தைக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். திரையில் 0.4 என்றால் ஸ்லைடு நகர்ந்தது 0.2 மட்டுமே.

கிரிட் ஷிஃப்ட் போட்டு முடித்தவுடன் 302ஆம் டயக்னாஸிஸைப் பார்ப்பது கட்டாயம். டாக் விடுபட்ட இடத்திலிருந்து கிரிட் வரையுள்ள தூரத்தை அது காட்டுகிறது. அந்தத் தூரம் ஏறத்தாழ அரைச் சுற்றாக, அதாவது நம் உதாரணத்தில் 5 மி.மீ அருகில் இருக்க வேண்டும். அது பூஜ்ஜியத்தை ஒட்டியோ முழு 10 மி.மீட்டரை ஒட்டியோ இருந்தால், ஸ்விட்ச் ஒரு நாள் துளி முன்னதாகவும் மறுநாள் துளி பின்னதாகவும் விடுபடும்போது அச்சு ஒரு முழுச் சுற்று தாண்டி நிற்கும். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் வேலைப்பொருள் சரியாக 10 மி.மீ தள்ளி வெட்டுப்படுகிறது என்ற புகார் வந்தால், பெரும்பாலும் இதுவே காரணம். நான் பார்த்த ஓர் இயந்திரத்தில் ஆபரேட்டர் மீதே பல நாள் பழி விழுந்தது. டாக்கை 5 மி.மீ நகர்த்தியதும் புகார் நின்றது. டாக்கைப் பூட்டும் திருகுகளை நன்றாக இறுக்கி, ஸ்விட்சின் உருளையில் சுருள் தூளும் கூலண்டும் ஒட்டாமல் துடைத்துவிடுங்கள்.

பிழை அரைச் சுற்றை நெருங்கும் அளவுக்குப் பெரிதாக இருந்து, கப்ளிங் சாவி இல்லாமல் உராய்வில் பிடிக்கும் வகையாக இருந்தால், பவரை அணைத்து, கப்ளிங்கைத் தளர்த்தி, ஸ்க்ரூவைச் சுழற்றிப் பெரும்பகுதியை இயந்திரவியல் வழியிலேயே சரிசெய்துவிடலாம். மிச்சமிருக்கும் சிறு பகுதியைக் கிரிட் ஷிஃப்ட் பார்த்துக்கொள்ளும். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். பாராமீட்டர் பழைய அளவையே ஒட்டி இருந்தால் பின்னால் வருபவருக்குக் குழப்பம் இல்லை.

ஹோம் எடுக்கும்போது ஃபேனக்கில் 90ஆம் அலாரம் வந்தால் பதற்றம் வேண்டாம். ரெஃபரன்ஸுக்கு மிக அருகிலிருந்து தொடங்கியிருப்பீர்கள் அல்லது வேகம் மிகக் குறைவாக இருந்திருக்கும். அச்சைச் சில சுற்றுகள் பின்னால் கொண்டுபோய், ஓவர்ரைடைக் கொஞ்சம் உயர்த்தி மறுபடி முயலுங்கள்.

அப்சலூட் என்கோடர் உள்ள அச்சு

இந்த வகையில் தினமும் ஹோம் எடுக்க வேண்டியதில்லை. பேட்டரி துணையோடு என்கோடர் தன் இடத்தை நினைவில் வைத்திருக்கும். மோட்டாரைக் கழற்ற என்கோடர் கேபிளைப் பிடுங்கியபோதே அந்த நினைவு போய்விட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். கேபிளைப் பிடுங்காவிட்டாலும் கப்ளிங்கைக் கழற்றியிருந்தால் என்கோடர் சொல்லும் இடத்துக்கும் டேபிள் நிற்கும் இடத்துக்கும் உறவு அறுந்திருக்கும். அந்த நிலையில் அலாரம் எதுவும் வராது என்பதால் இதுவே அதிக ஆபத்தானது: இயந்திரம் நிச்சயத்தோடு தவறான இடத்தைக் காட்டும்.

ஃபேனக்கில் 1815ஆம் பாராமீட்டரின் 5ஆம் பிட் அப்சலூட் என்கோடர் இருக்கிறது என்பதையும், 4ஆம் பிட் அதன் இடம் இயந்திரத்தோடு பொருத்தப்பட்டுவிட்டது என்பதையும் குறிக்கின்றன. நாம் தொடப்போவது 4ஆம் பிட் மட்டுமே. ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனி வரி இருப்பதால், எந்த வரியில் நிற்கிறோம் என்று இரண்டு முறை பாருங்கள். எக்ஸுக்குப் பதில் ஒய்யின் பிட்டைப் பூஜ்ஜியமாக்கினால் நன்றாக இருந்த அச்சின் ரெஃபரன்ஸும் போய்விடும்.

1. எம்.டி.ஐ முறையில் (கட்டளையைக் கையால் உள்ளிடும் முறை), செட்டிங் திரையில் பாராமீட்டர் எழுத அனுமதி கொடுங்கள். 100ஆம் அலாரம் வருவது இயல்பு.
2. பழுதுபார்த்த அச்சின் 1815இல் 4ஆம் பிட்டை 0 ஆக்கி, பவரை அணைத்துப் போடுங்கள். ரெஃபரன்ஸ் தேவை என்று 300ஆம் அலாரம் வரும்.
3. என்கோடரின் மின்தொடர்பு அறுந்திருந்தாலோ மோட்டார் புதிதானாலோ, அச்சை நகர்த்தி மோட்டாரைக் குறைந்தது ஒரு முழுச் சுற்றுக்கு மேல் ஓட்டி, மறுபடி பவரை அணைத்துப் போடுங்கள். இந்தப் படியைத் தாண்டினால் பின்னால் 4ஆம் பிட்டை 1 ஆக்க முடியாமல் திணற நேரும்.
4. ஹேண்டிலால் அச்சைப் பழைய ரெஃபரன்ஸ் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கோட்டுத் தகட்டால் சுற்றையும், டயலால் மைக்ரானையும் பிடியுங்கள். கடைசி அணுகல் ஒரே திசையில், ஹேண்டிலின் மிகச் சிறிய படியில் இருக்கட்டும்.
5. அதே இடத்தில் நின்றபடி 4ஆம் பிட்டை 1 ஆக்கி, பவரை அணைத்துப் போடுங்கள். இயந்திர ஆயம் (ரெஃபரன்ஸை வைத்து எண்ணப்படும் அச்சின் இடம்) 1240இல் உள்ள எண்ணைக் காட்ட வேண்டும்.
6. பாராமீட்டர் அனுமதியை மூடிவிட்டு, டயலை மறுபடி பாருங்கள். செங்குத்து அச்சில் பவர் போய் வரும்போது பிரேக் பிடித்து விடும் இடைவெளியில் தலை சில மைக்ரான் அசையக்கூடும்.

சில இயந்திரங்களில் டாக் இல்லாத ரெஃபரன்ஸ் முறை இயக்கப்பட்டிருக்கும். அங்கே ரெஃபரன்ஸுக்குச் சற்று முன்பு நின்று, ரெஃபரன்ஸ் முறையில் திசைப் பொத்தானை அழுத்தினால் அச்சு தானாக அடுத்த கிரிட் புள்ளிக்கு நகர்ந்து நின்று, 4ஆம் பிட்டும் தானாகவே 1 ஆகிவிடும். அது நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பது கிரிட் என்பதால், முன்பு சொன்ன கிரிட் ஷிஃப்ட் கணக்கு இங்கும் பொருந்தும்.

சீமென்ஸ் 840டி, 828டி கன்ட்ரோலர்களில் வழி சற்று வேறு. அங்கே அச்சை ரெஃபரன்ஸ் இடத்தில்தான் நிறுத்த வேண்டும் என்ற கட்டாயமில்லை. இயந்திர ஆயம் தெரிந்த எந்த இடமும் போதும். தகுந்த பாஸ்வேர்டுடன் நுழைந்து, 34100ஆம் மெஷின் டேட்டாவில் அந்த இடத்தின் ஆயத்தை எழுதி, 34210இல் 1 போட்டுச் செயல்படுத்தி, ஜாக் முறையின் ரெஃபரன்ஸ் நிலையில் 34010 குறிக்கும் திசையின் பொத்தானை அழுத்த வேண்டும். அச்சு நகராது; 34210 மட்டும் 2 ஆக மாறும். அப்படி மாறினால் பொருத்தம் முடிந்தது, ஈடு அளவைக் கன்ட்ரோலரே 34090இல் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். தவறான பொத்தானை அழுத்தினால் எண் மாறாமல் இருக்கும் அல்லது அச்சு நகரும். எனவே வேகத்தைத் தாழ்த்தியே வைத்திருங்கள்.

சாட்சியே எடுக்கவில்லை என்றால்

பெரும்பாலானோர் இந்த வேலையைத் தேடிவரும் நிலை இதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. இயந்திரத்திலேயே எங்காவது பழைய பூஜ்ஜியத்தின் தடம் இருக்கும்.

மிகச் சிறந்த தடம், டேபிளில் கழற்றப்படாமல் இருக்கும் ஃபிக்ஸ்சர். அதன் நடுத்துளைதான் வேலையின் பூஜ்ஜியம் என்றும், ஜி54இல் எக்ஸ் மைனஸ் 412.350 என்றும் பதிவாகியிருந்தால், ஸ்பிண்டிலில் லீவர் டயலை மாட்டி அந்தத் துளையைச் சுற்றி வந்து மையத்தைப் பிடியுங்கள். இயந்திர ஆயம் இப்போது மைனஸ் 409.980 காட்டினால் 2.370 தள்ளியிருக்கிறோம் என்பது தெளிவு. அச்சை அங்கேயே வைத்துக் கணக்கிட்டுப் பழைய பூஜ்ஜியத்தை மீட்டுவிடலாம். டேபிள் டி-ஸ்லாட்டின் விளிம்பு, நிரந்தரமாகப் பூட்டிய டூல் செட்டர், ரோட்டரி டேபிளின் மையம் ஆகியவையும் இதே வேலைக்கு உதவும்.

செங்குத்து மெஷினிங் சென்டரின் இசட் அச்சுக்கு டூல் மாற்றும் கையே சாட்சி. டூல் மாற்றும் நிலை ரெஃபரன்ஸிலேயே இருக்கலாம், அல்லது 1241இல் குறித்த இரண்டாம் ரெஃபரன்ஸாக இருக்கலாம். எது என்பதை இயந்திரத்தின் கையேட்டில் பாருங்கள். ஸ்பிண்டிலில் ஒரு வெற்று ஹோல்டரை மாட்டி, கையைப் பராமரிப்பு முறையில் மெதுவாகச் சுழற்றி, அதன் விரல் ஹோல்டரின் வி-பள்ளத்தில் மேலும் கீழும் உரசாமல் நடுவில் நுழையும் உயரத்தைத் தேடுங்கள்.

லேத்தில் எக்ஸுக்கு, சக்கில் டயலைக் கட்டி டரட்டின் (கருவிகளைத் தாங்கும் தலையின்) போரிங் பார் துளையைச் சுற்றிவந்தால் துளை மையம் ஸ்பிண்டில் மையத்தோடு சேரும் ஆயம் கிடைக்கும்; உற்பத்தியாளர் தரும் எண்ணோடு அதை ஒப்பிடலாம். அந்த எண் கைவசம் இல்லாவிட்டால், டூல் ஆஃப்செட் மாறாத ஒரு கருவியால் ஒரு துண்டைக் கடைந்து அளந்து, நிரலில் சொன்ன விட்டத்துக்கும் கிடைத்த விட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிழையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கருவி பழுதுக்கு முன் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று ஆபரேட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு மோட்டார்கள் சேர்ந்து ஒரே பாலத்தை இழுக்கும் கேன்ட்ரி அச்சுகள் மேற்சொன்ன வழியில் அடங்காது. ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி ரெஃபரன்ஸ் வைத்தால் பாலம் கோணலாகி, வழித்தடங்கள் பிணைந்துகொள்ளும். செங்கோணத்தை அளந்து, உற்பத்தியாளரின் முறைப்படி மட்டுமே செய்யுங்கள்.

ரெஃபரன்ஸைத் தேட அலுத்துப்போய், எல்லா ஒர்க் ஆஃப்செட்டுகளிலும் 2.37ஐக் கூட்டிவிட்டால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. வேலைப்பொருள் சரியாக வரும்தான். ஆனால் பிட்ச் பிழைத் திருத்த அட்டவணை ஸ்க்ரூவின் எந்தப் பகுதிக்கு எழுதப்பட்டதோ அதிலிருந்து தள்ளிய பகுதியில் செயல்படும், சாஃப்ட் லிமிட்டுக்கும் ஹார்டு லிமிட்டுக்கும் இடையிலான இடைவெளி ஒரு பக்கம் சுருங்கும், பழைய நிரல்களில் ஜி53இல் (நேரடியாக இயந்திர ஆயத்தில்) எழுதிய நகர்வுகள் எல்லாம் இடம் மாறும். ஸ்க்ரூவையே மாற்றியிருந்தால் அட்டவணை எப்படியும் பழைய ஸ்க்ரூவுக்கு உரியது. லேசர் இன்டர்ஃபெரோமீட்டரால் புதிதாக அளந்து எழுத வேண்டும், அந்த அளவீடும் ரெஃபரன்ஸ் உறுதியான பிறகே நடக்க வேண்டும்.

சரிபார்ப்பு

ஹோம் ஒரு முறை சரியாக வந்தது போதாது. டாக் உள்ள அச்சை வெவ்வேறு தூரங்களிலிருந்து பத்து முறையாவது ஹோமுக்கு அனுப்பி, ஒவ்வொரு முறையும் டயலையும் 302ஆம் எண்ணையும் எழுதுங்கள். டயல் ஒரே இடத்தில் நின்றால் சரி. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகச் சில மைக்ரான் நகர்ந்துகொண்டே போனால் அது ரெஃபரன்ஸ் கோளாறே அல்ல; கப்ளிங் நழுவுகிறது, பாராமீட்டரை விட்டுவிட்டு ஸ்பானரை எடுங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தாறுமாறாக மாறினால் என்கோடர் கேபிளின் கவசத்தையும் எர்த்தையும் பாருங்கள். அப்சலூட் அச்சில் பவரை அணைத்துச் சில நிமிடம் விட்டுப் போட்டு, ஆயமும் டயலும் மாறவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். பேட்டரி அலாரம் இருந்தால் கன்ட்ரோல் பவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியை மாற்றுங்கள்.

அடுத்து, மிகக் குறைந்த வேகத்தில் அச்சை இரு பக்க எல்லைக்கும் ஓட்டி, ஹார்டு லிமிட் ஸ்விட்சைத் தொடும் முன் சாஃப்ட் லிமிட் நிறுத்துகிறதா என்று பாருங்கள். டூல் மாற்றத்தைச் சிங்கிள் பிளாக்கில் (நிரலை ஒவ்வொரு வரியாக ஓட்டும் முறையில்), ராப்பிட் ஓவர்ரைடைக் கீழே வைத்து, ஒரு கை எமர்ஜென்சி பொத்தானின் மேல் இருக்க, முதலில் வெற்று ஹோல்டரோடு செய்யுங்கள். ஹோல்டர் கைக்குள் நுழையும்போதும் ஸ்பிண்டில் அதைக் கவ்வும்போதும் எழும் ஒலியைக் கவனித்தாலே உயரம் சரியா என்பது பாதி புரிந்துவிடும். பிறகு அளவு தெரிந்த ஒரு வேலைப்பொருளை வெட்டி அளங்கள். ஜி54இல் சில மைக்ரான் திருத்தம் தேவைப்பட்டால் அது இயல்பு. ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கேட்டால் எங்கோ ஒரு கணக்குத் தவறியிருக்கிறது.

புதிய பாராமீட்டர் மதிப்புகள், 302ஆம் எண், ஸ்லிப் கேஜ் அளவு, அளந்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்; பாராமீட்டர்களை மறுபடி மெமரி கார்டில் எடுத்து வையுங்கள். மறுநாள் காலை இயந்திரம் ஆறிய நிலையில், முதல் வேலை தொடங்குவதற்கு முன், அதே ஸ்லிப் கேஜ் அடுக்கை அதே இடத்தில் இன்னொரு முறை நுழைத்துப் பார்த்துவிட்டு இயந்திரத்தை ஆபரேட்டரிடம் ஒப்படையுங்கள்.